நூறாண்டு ஓயாத மன்றாட்டு

எழு என்பது தன்வினை. எழுப்பு என்பது பிறவினை. தமிழிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் மாணவர்க்கு முதலிற் சொல்லிக் கொடுக்கும் வேறுபாடுகளுள் இஃது ஒன்று. தானே உறக்கம் நீங்குபவன் எழுகின்றான். பிறரால் உறக்கம் நீக்கப்படுபவன் எழுப்பப்படுகின்றான். தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் பல தம் ஆன்மிகப் புத்துயிர்ப்பைக் குறிப்பதற்கு வழங்கிவரும் சொல் 'எழுப்புதல்' என்பதாகும். இச்சொல்லை முதலில் தெரிந்தெடுத்தவர் யாராயினும், அவர் இலக்கணமும் இறையியலும் ஒருங்கே உணர்ந்தவர் என்றே கருதத் தோன்றுகின்றது. ஆன்ம உயிர்ப்பு மனிதன் தன் முயற்சியால் உண்டாக்கிக்கொள்ளத் தக்கதன்று, அஃது இறைவன் அளிக்கும் கொடை என்னும் கொள்கை முழுவதும் அந்தப் பிறவினைக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

ஆயினும் அச்சொல்லில் ஓர் இடரும் உண்டு. எழுப்புபவர் ஒருவர் இருக்கின்றார் என்னும் நம்பிக்கை, எழவேண்டியவர் தாமே என்னும் நினைவைச் சில வேளைகளில் மறைத்துவிடுகின்றது. எழுப்புதல் கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டுகின்றோம், ஒலிபெருக்கி கட்டுகின்றோம், இரவு முழுவதும் விழித்திருந்து மன்றாடுகின்றோம். விடிந்த பின்னர், சென்ற ஆண்டு ஒருவரோடொருவர் பேசாதிருந்த இருவர் இந்த ஆண்டும் ஒரே வாங்கின் இரு முனைகளிற் பேசாமலே அமர்ந்திருக்கக் காண்கின்றோம். அவர்கள் மன்றாடவில்லை என்று சொல்லமுடியாது. உரத்த குரலில் மன்றாடியவர்கள் அவர்களே. அப்படியாயின், புத்துயிர்ப்புக்காக மன்றாடுதல் என்பதன் பொருள்தான் என்ன? மன்றாடுபவரிடத்தில் அஃது எதனை எதிர்பார்த்து நிற்கின்றது?

இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு வரலாற்றிலே இடங்கள் பல உண்டு. 1857ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் ஃபுல்டன் வீதியில் வணிகர்களும் எழுதுவினைஞர்களும் நண்பகல் வேளையிற் கூடிய மன்றாட்டுக் கூட்டம் ஒன்று. 1904ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே எழுந்த பேரெழுச்சி மற்றொன்று. 1905இல் பூனா நகருக்கு அண்மையில் பண்டிதை இரமாபாய் நடத்திய முக்தி இல்லத்தில் நிகழ்ந்தது வேறொன்று. இவை யாவற்றுக்கும் முந்தியதாகிய ஹெர்ண்ஹூட் என்னும் சிற்றூரின் கதையையே நான் இங்கு எடுத்துக்கொள்கின்றேன். அதற்குக் காரணம் இரண்டு. மன்றாட்டுக்கு முன்னர் அவ்வூரில் என்ன நடந்தது என்பது தெளிவாகத் தெரிகின்றது என்பது ஒன்று. அந்த வரலாற்றின் தொடக்கத்திலும் தொடர்ச்சியிலும் தமிழர் வாழும் நிலங்கள் இடம்பெறுகின்றன என்பது மற்றொன்று.

ஆண்டவரின் காவல்

ஜேர்மனியின் கிழக்கெல்லையில், சக்சனி மாநிலத்தில், செக் நாட்டுக்கும் போலந்துக்கும் அண்மையில் ஹெர்ண்ஹூட் அமைந்திருக்கின்றது. 1722ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள், கிறிஸ்டியன் டேவிட் என்னும் தச்சன் அவ்விடத்துக் காட்டில் முதல் மரத்தைத் தன் கோடரியால் வெட்டி வீழ்த்தினான். அவனோடு வந்தவர்கள் மொராவியாவிலிருந்து சமயத்தின் பொருட்டுத் தப்பி ஓடிவந்த ஏழைக் குடும்பத்தினர்.

அவ்வகதிகளின் முன்னோர் சாதாரணமானவர்கள் அல்லர். 1415ஆம் ஆண்டில் கொன்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹுஸ் என்னும் சீர்திருத்தவாதியின் வழியிலே, 1457ஆம் ஆண்டில் தோன்றியது 'சகோதரர் ஐக்கியம்' என்னும் திருச்சபை. 1620ஆம் ஆண்டின் வெண்மலைப் போரிற் புரட்டஸ்தாந்தர் தோல்வியுற்ற பின்னர் அத்திருச்சபை வேரோடு பறிக்கப்பட்டது. படங்களோடு கூடிய பாடநூலை 1658ஆம் ஆண்டிற் குழந்தைகளுக்கு ஆக்கியளித்த கொமேனியஸ் என்னும் கல்வியறிஞரை நம் ஆசிரியர்கள் அறிவர். அவர் அச்சபையின் பேராயர்களுள் ஒருவர். நாடிழந்து அலைந்து அயல்நாட்டிலே இறந்தவர். அவருக்குப் பின் அச்சபை வெளியே தெரியாதபடி மறைந்தது. சில குடும்பங்களின் நெஞ்சில் மட்டும் நினைவாக எஞ்சியிருந்தது.

அகதிகளுக்கு நிலம் அளித்தவர் சின்சென்டோர்ப் பிரபு. 1700ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது இருபத்திரண்டு. ஊருக்கு இடப்பட்ட பெயர் 'ஆண்டவரின் காவல்' எனப் பொருள்படும். அந்த ஜேர்மன் சொல் இரு பொருள் தருவது. ஆண்டவரது காவலில் இருத்தல் என்பது ஒரு பொருள். ஆண்டவருக்காகக் காவல் இருத்தல் என்பது மறு பொருள். காக்கப்படுதலும் காவல் செய்தலும் ஆகிய இரண்டும் ஒரு பெயருக்குள் அடங்கின. எழுப்பப்படுதலும் எழுதலும் போன்ற ஓர் இணை இது எனலாம்.

தனியே தோண்டிய கிணறு

துன்புறுத்தப்பட்டவர்கள் ஓரிடத்திற் சேர்ந்தால் அங்கே அன்பு தானாகவே பெருகும் என்று நாம் எண்ணுவோம். அது நடப்பதில்லை. ஒரு பகைவனை எதிர்த்து நின்று உறுதிப்பட்ட மனம், பகைவன் இல்லாதவிடத்து அயலவனை எதிர்க்கத் தொடங்குகின்றது. ஹெர்ண்ஹூட்டில் மொராவியர் வந்தனர். லூத்தரன் சபையினர் வந்தனர். கல்வினின் கொள்கையினர் வந்தனர். எந்தச் சபையையும் ஏற்காத தனிக்குழுவினரும் வந்தனர். ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ முந்நூறு பேர் வாழும் ஊராக அது வளர்ந்தது. வளர்ந்த வேகத்திலேயே பிளவும் பட்டது. வழிபாட்டு முறையைப் பற்றி வாதம். திருவிருந்தைப் பற்றி வாதம். உலக முடிவைப் பற்றி வாதம். 1726ஆம் ஆண்டளவில் அங்கு வந்து சேர்ந்த ஒருவர், அடைக்கலம் கொடுத்த பிரபுவையே திருவெளிப்பாட்டு நூல் கூறும் கொடிய விலங்கு எனத் தூற்றினார். அதையும் நம்புவதற்கு ஆட்கள் இருந்தனர்.

முதல் மரத்தை வெட்டிய கிறிஸ்டியன் டேவிட்டும் இக்கலகத்தில் அகப்பட்டான். அவன் ஊரைவிட்டு விலகி, ஒதுக்குப்புறத்தில் தனக்கென ஒரு குடிலைக் கட்டி, தனக்கெனத் தனிக் கிணறு ஒன்றையும் தோண்டிக்கொண்டான் என்று அச்சபையின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

கிணற்று நீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு இச்செய்தியின் கனத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்னாருடைய கிணற்றில் இன்னார் அள்ளலாம், இன்னார் அள்ளலாகாது என்பதன் கசப்பை நாம் அறிவோம். அயலானோடு ஒரே கிணற்றில் நீர் அள்ளமாட்டேன் என்று சொல்பவன், அவனோடு ஒரே கிண்ணத்திலே திருவிருந்து அருந்துவது எங்ஙனம்? ஹெர்ண்ஹூட்டின் நோய் முற்றிய நிலை இதுவே. அந்த ஊரிலே மன்றாட்டுக்குக் குறைவிருந்ததாக நான் எங்கும் வாசித்ததில்லை. ஒவ்வொரு கட்சியினரும் மற்றக் கட்சியினர் மனந்திரும்ப வேண்டுமென்று மன்றாடியிருத்தல் கூடும்.

வீடு வீடாக

1727ஆம் ஆண்டில் சின்சென்டோர்ப் பிரபு, டிரெஸ்டன் நகரத்து அரச பணியினின்றும் விடுப்புப் பெற்று, ஹெர்ண்ஹூட்டுக்கு வந்து தங்கினார். அவர் முதலிற் செய்தது பெருங்கூட்டம் கூட்டுதல் அன்று. வீடு வீடாகச் சென்றார். சினந்தவரோடு அமர்ந்து பேசினார். ஒவ்வொருவரும் சொல்லியதைக் கேட்டார். பின்னர் மே மாதம் 12ஆம் நாள் ஊரவரைக் கூட்டி, தாம் வகுத்த ஒழுங்குகளை அவர்முன் வைத்தார். சகோதர உடன்படிக்கை என்று பெயர்பெற்ற அவ்வொழுங்குகளில் வானுலகக் காட்சி எதுவும் இல்லை. வெவ்வேறு சபைகளைச் சார்ந்த நல்லோர் அனைவரோடும் அன்பு பேணவேண்டும். ஒவ்வொருவரும் தம் உணவுக்குத் தாமே உழைக்கவேண்டும். முதியோரையும் நோயாளரையும் வலுவிழந்தோரையும் ஊர் தாங்கவேண்டும் என்பன போன்ற, மண்ணில் கால் ஊன்றிய விதிகளே அவற்றில் இருந்தன. ஊரவர் அவற்றை ஏற்றுக் கைச்சாத்திட்டனர். மூப்பர் பன்னிருவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். தனிக் கிணறு தோண்டிய தச்சனும் ஊரோடு மீண்டும் இணைந்தான்.

அந்தக் கோடைகாலத்தில் மக்கள் இருவரும் மூவருமாகச் சிறு குழுக்களாகக் கூடி, ஒருவர் குறையை ஒருவர்க்கு எடுத்துரைத்து, ஒருவர்க்காக ஒருவர் மன்றாடத் தொடங்கினர். அதே வேளையில், அயல் நகரமான சிட்டாவின் நூலகத்தில், பழைய சகோதரர் ஐக்கியத்தின் ஒழுங்குகளைப் பற்றிக் கொமேனியஸ் வெளியிட்ட நூல் பிரபுவின் கைக்கு எட்டியது. அதனைப் படித்தபோது, தாம் புதிதாக வகுத்த ஒழுங்குக்கும் அவ்வகதிகளின் பாட்டன்மார் பேணிய ஒழுங்குக்கும் இருந்த ஒற்றுமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. ஒரு நூலகம், மறைந்துபோன ஒரு சமூகத்துக்கு அதன் நினைவைத் திருப்பிக் கொடுத்த கதை இது. நூலகத்தின் அருமையை இழப்பினால் உணர்ந்த மக்களாகிய நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே ஓகஸ்ட் மாதம் 13ஆம் நாள் வந்தது. அது புதன்கிழமை. அயலிலுள்ள பெர்தெல்ஸ்டோர்ப் தேவாலயத்தில் நடைபெற்ற திருவிருந்துக்கு ஊரவர் நடந்து சென்றனர். அங்கே அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை அவர்களாலேயே சொல்லில் வடிக்க முடியவில்லை. அழுதார்கள், பாடினார்கள், ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள் என்பதற்கு அப்பால் செய்தி அதிகம் இல்லை. அச்சபையினர் இன்றுவரை அந்நாளையே தம் சபை புதுப்பிறப்பு எய்திய நாளாகக் கொண்டாடி வருகின்றனர்.

நான் இங்கு வாசகரின் கருத்தை இழுப்பது நாட்களின் வரிசைக்கு. மே 12 முந்தியது. ஓகஸ்ட் 13 பிந்தியது. கைச்சாத்து முந்தியது, கண்ணீர் பிந்தியது. உடன்பாட்டினால் உயிர்ப்பு விளைந்தது என்று நான் சொல்லத் துணியேன். மழை பெய்வது வயல் உழுதவனின் கட்டளைக்கு அடங்கியதன்று. ஆனால் உழாத வயலிற் பெய்யும் மழை ஓடி வீணாகும் என்பதை உழவர் அறிவர்.

இருபத்துநான்கு மணித்தியாலம்

திருவிருந்து நிகழ்ந்து இரண்டு வாரங்கள் கழிந்தபின், ஓகஸ்ட் 27ஆம் நாள், ஆண்கள் இருபத்துநால்வரும் பெண்கள் இருபத்துநால்வரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாளின் இருபத்துநான்கு மணித்தியாலங்களையும் சீட்டிட்டுத் தமக்குள் பங்கிட்டு, ஒவ்வொருவரும் தம் பங்கான ஒரு மணித்தியாலம் மன்றாடுவதென முடிவு செய்தனர். பலிபீடத்து நெருப்பு இரவும் பகலும் அவியாது எரியவேண்டும் என்று லேவியர் நூல் கூறும் பழைய விதியே அவர்களுக்கு முன்மாதிரியாயிற்று. இக்காவல் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து நடைபெற்றது.

இதனைக் கேட்பவர் துறவிகளின் மடம் ஒன்றை மனத்திற் கற்பனை செய்தல் கூடும். அது தவறு. இவர்கள் நெசவாளர், தச்சர், குயவர், வேலைக்காரப் பெண்கள். பகலெல்லாம் உழைத்து உண்பவர்கள். நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி ஒருவனுக்குப் பங்காக விழுந்தால், அவன் தன் உறக்கத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தே அப்பங்கைச் செலுத்த வேண்டும். அவனைக் காண்பார் எவரும் இலர்; அவனது குரலின் நயத்தைப் புகழ்வாரும் இலர். ஆணுக்குள்ள பங்கு பெண்ணுக்கும் சமமாக இருந்தமை, அக்காலத்தை நோக்கும்போது சிறப்பாகக் குறிக்கத்தக்கது.

வாரந்தோறும் அவர்கள் கூடி, எதற்காக மன்றாடவேண்டும் என்பதைத் தமக்குள் தெரிவித்துக்கொண்டனர். தொலை நாடுகளிலிருந்து வந்த கடிதங்கள் சபையில் வாசிக்கப்பட்டன. 1728ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு திருவாக்கை வீடுதோறும் அறிவிக்கும் வழக்கம் தொடங்கியது. 1731ஆம் ஆண்டு முதல் அத்திருவாக்குகள் நூலாக அச்சிடப்பட்டு, இன்றுவரை ஆண்டுதோறும் பல மொழிகளில் வெளிவருகின்றன. உணர்ச்சி ஒரு நாளில் வருவது. ஒழுங்கு நூறாண்டு நிற்பது. ஹெர்ண்ஹூட் மக்கள் ஓர் ஓகஸ்ட் மாதத்து உணர்ச்சியை மணிக்கணக்காகப் பிரித்து, நாட்காட்டியிலே பதித்து வைத்துக்கொண்டனர்.

மன்றாட்டு நடந்து சென்ற வழி

ஓரூர் தனக்காக மட்டும் மன்றாடிக்கொண்டிருந்தால் அம்மன்றாட்டு விரைவில் வற்றியிருக்கும் என்றே நான் நினைக்கின்றேன். அஃது ஊரின் எல்லையைக் கடந்தது. அக்கடப்புக்கான விதைகளுள் ஒன்று தமிழ் நாட்டிலிருந்து சென்றது என்பது நம் வாசகர் பலர் அறியாதது.

சின்சென்டோர்ப் பத்து வயதுச் சிறுவனாக ஹல்லே நகரத்துப் பள்ளியிற் சேர்க்கப்பட்டபோது, அதனை நடத்தியவர் பிராங்கே என்னும் பக்தர். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுச்சௌ ஆகிய இருவரும் அவருடைய வட்டத்தைச் சேர்ந்தவர்களே. தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்திகளைப் பிராங்கேயின் உணவு மேசையில் அச்சிறுவன் கேட்டு வளர்ந்தான். 1714ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்னும் தமிழர் அவருடன் சென்றார். சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழிலக்கணம் 1716ஆம் ஆண்டில் அந்த ஹல்லே நகரிலேயே அச்சேறியது. தமிழ் எழுத்துகள் அங்கே அச்சுக் கோக்கப்பட்ட காலத்தில், பின்னாளில் ஹெர்ண்ஹூட்டை ஆளப்போகும் மாணவன் அந்நகரிலே படித்துக்கொண்டிருந்தான். தொலைவிலுள்ள மக்களும் நம் அயலவரே என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் ஊன்றியதில் தரங்கம்பாடிக்கும் பங்கு உண்டு.

அவ்வெண்ணம் 1731ஆம் ஆண்டிற் செயலாகக் கனிந்தது. கொப்பன்ஹேகன் அரச விழாவுக்குச் சென்ற பிரபு, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான சென் தோமஸிலிருந்து வந்த அந்தோனி என்னும் கறுப்பினத்தவரைச் சந்தித்தார். அத்தீவில் அடிமைகளாயிருந்த தம் உடன்பிறந்தாரின் நிலையை அந்தோனி எடுத்துரைத்தார். ஹெர்ண்ஹூட்டுக்கும் வந்து அதனையே கூறினார். 1732ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் நாள், லெயொனார்ட் டோபர் என்னும் குயவரும் டேவிட் நிட்ச்மன் என்னும் தச்சரும் கையிற் சில நாணயங்களோடு கொப்பன்ஹேகன் நோக்கி நடந்து புறப்பட்டனர். இருவரும் தம்மை அடிமைகளாக விற்றுக்கொண்டு சென்றனர் என்று மேடைகளிற் சொல்லப்படுவது உண்மையன்று. அடிமைகளோடு அடிமையாக வாழவும் தயார் என்று டோபர் கூறியது உண்மை, அந்நிலை ஏற்படவில்லை. தச்சர் தச்சுவேலை செய்தார். குயவருக்குத் தொழிலுக்கு ஏற்ற களிமண் கிடைக்காமையால் அவர் வேறு வேலை தேடி வருந்தினார். கட்டுக்கதையினும் இந்த உண்மை எனக்கு உயர்ந்ததாகப் படுகின்றது.

அடுத்த ஆண்டு மூவர் பனி மூடிய கிறீன்லாந்துக்குப் புறப்பட்டனர். அம்மூவருள் ஒருவன், ஊரோடு பிணங்கித் தனிக் கிணறு தோண்டிய அதே கிறிஸ்டியன் டேவிட். தன் ஊரவரோடு வாழ மறுத்த தச்சன், தன் மொழியும் முகமும் அறியாத மக்களிடையே வீடு கட்டச் சென்றான். ஹெர்ண்ஹூட்டில் உண்டான எழுப்புதலுக்குச் சான்று யாது என்று என்னைக் கேட்பவர்க்கு, தேவாலயத்துக் கண்ணீரை நான் காட்டமாட்டேன். இந்தத் தச்சனைக் காட்டுவேன். 1760ஆம் ஆண்டிற் சின்சென்டோர்ப் இறப்பதற்குள், அச்சிறு சபையினின்றும் இருநூறுக்கு மேற்பட்டோர் பல நாடுகளுக்கும் சென்றிருந்தனர். 1740ஆம் ஆண்டளவில் இருவர் ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக்கும் வந்தனர். ஒல்லாந்தர் அவர்களை நெடுங்காலம் தங்க விடவில்லை.

நிழலும் உண்டு

இக்கதையை இவ்வளவில் நிறுத்தினால் அது பக்திக் கதையாகும், வரலாறு ஆகாது. சென் தோமஸ் தீவில் அடிமைகளுக்கு நற்செய்தி சொல்லச் சென்ற அச்சபை, சில ஆண்டுகளுக்குள் அங்கே தோட்டமொன்றை வாங்கியது. தோட்டத்தோடு அடிமைகளையும் வாங்கியது. அடிமைகளைச் சகோதரர் என அழைத்தவர்களே அச்சகோதரர்க்கு உடைமையாளருமாயினர். அத்தீவுகளில் அடிமைமுறை 1848ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. இரவும் பகலும் மன்றாடிய ஒரு சபை, தன் கண்முன் நின்ற இக்கொடுமையைக் கொடுமையென்று காணாதது எங்ஙனம்?

அதே தீவில், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ரெபேக்கா என்னும் இளம்பெண், தோட்டந்தோறும் நடந்து சென்று அடிமைப் பெண்களுக்குப் போதித்தாள். அதன் பொருட்டுச் சிறையும் புகுந்தாள். எழுப்புதலின் தூய வடிவத்தை அனுப்பப்பட்டவரிடத்திலன்றி, அப்பெண்ணிடத்தில் நாம் காண்கின்றோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

நிழல் வேறொரு பக்கத்திலும் விழுந்தது. 1740களில், ஹெர்ன்ஹாக் என்னும் அவர்களது மற்றொரு குடியிருப்பில், பக்தி உணர்ச்சி கட்டுக்கடங்காத விளையாட்டாக மாறிற்று. உணர்ச்சியின் இனிமையிலே மயங்கிய இளைஞர்கள் உழைப்பையும் ஒழுங்கையும் மறந்தனர். பிரபுவே 1749ஆம் ஆண்டில் அதனைக் கண்டித்து எழுத நேர்ந்தது. அடுத்த ஆண்டு அக்குடியிருப்புக் கலையத் தொடங்கியது. உயிர்ப்பு ஒருமுறை கிடைத்தபின் என்றென்றும் தங்கும் சொத்தன்று. புதுப்பிக்கப்பட்ட சபையும் மீண்டும் மன்றாடவேண்டிய சபையே.

கடலிலே கேட்ட பாட்டு

ஹெர்ண்ஹூட்டின் மன்றாட்டு நம் நாட்டை வேறொரு வழியாகவும் வந்தடைந்தது. 1736ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், அமெரிக்கா நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று அத்திலாந்திக் கடலிற் புயலில் அகப்பட்டது. அலை கப்பலின் மேலே எழுந்து விழ, ஆங்கிலப் பயணிகள் அலறினர். அதே கப்பலிலிருந்த மொராவியர் மட்டும், தாம் தொடங்கிய பாட்டை நிறுத்தாமற் பாடி முடித்தனர். அதைக் கண்டு நின்றவர் ஜோன் வெஸ்லி என்னும் இளங் குருவானவர். தம்மிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் உண்டு என்பதை அவர் உணர்ந்தார். 1738ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் இலண்டனில் அவருக்கு உள்ளத் தெளிவு உண்டாயிற்று. அதே ஆண்டிற் கோடையில் அவர் ஹெர்ண்ஹூட் சென்று அம்மக்களின் வாழ்வை நேரிற் கண்டார். பின்னாளிற் கொள்கை வேறுபாட்டால் அவர்களைவிட்டு அவர் பிரிந்தபோதிலும், அங்கே பற்றிய நெருப்பு மெதடிஸ்த இயக்கமாக வளர்ந்தது.

அவ்வியக்கத்தின் தொண்டர்களே, தலைவராகப் புறப்பட்ட தோமஸ் கோக் 1814ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் நடுக்கடலில் இறந்த பின்னரும் பயணத்தைக் கைவிடாமல், அவ்வாண்டிலேயே இலங்கையில் வந்திறங்கினர். லிஞ்சு, ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணம் வந்தனர். ஓல்ட் என்பவர் மட்டக்களப்புச் சென்றார். அவர்கள் வழிவந்த பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலேதான் நல்லூர் ஆறுமுக நாவலர் கற்றார், கற்பித்தார். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். பின்னர் அவர் அங்கிருந்து விலகி, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தம் சமயத்தின் புத்துயிர்ப்புக்கே வாழ்வை ஒப்படைத்ததை இங்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு சமயத்தாரின் எழுச்சி மற்றொரு சமயத்தாரையும் எழச் செய்தல் உண்டு. எழுச்சியின் இயல்பு அது.

நாம் வேண்டுவது எது?

புத்துயிர்ப்புக்காக மன்றாடுதல், ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. திருநாவுக்கரசர் நாவினாற் பாடினார். கையிலே உழவாரத்தையும் ஏந்தினார். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்காத கைக்கும் பாடும் நாவுக்கும் இடையே இசைவு இல்லை என்பதை அவருடைய திருவுருவமே நமக்கு ஓயாது உணர்த்தி நிற்கின்றது. ஹெர்ண்ஹூட்டின் தச்சனும் குயவனும் அவ்வுண்மையைத் தம் வழியிற் கண்டவர்கள்.

இன்று நம் நாட்டுத் திருச்சபைகளிற் புத்துயிர்ப்புக்கான மன்றாட்டு ஓங்கி ஒலிக்கின்றது. அதனை இகழ்ந்துரைப்பது என் கருத்தன்று. போரும் புலப்பெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்த மண்ணில், மக்கள் இரவெல்லாம் விழித்திருந்து இறைவனைக் கூப்பிடுவதில் வியப்பொன்றும் இல்லை. ஆயினும் ஹெர்ண்ஹூட் நம்மிடம் கேட்கும் வினாக்கள் சில உண்டு. நாம் எழுப்பப்படவேண்டும் என்று மன்றாடும் இரவுக்கு முந்திய பகலில், யாருடைய வீட்டுப் படியை மிதித்தோம்? சபைச் சொத்துக்காக நீதிமன்றில் நிற்கும் வழக்கு எத்தனை? திருவிருந்துக் கிண்ணத்தைச் சாதி பாராமற் பகிர்ந்த கை, திருமணப் பேச்சிலும் அவ்வாறே நீள்கின்றதா? நம் கண்முன் நின்றும் நாம் காணாதிருக்கும் அடிமைத்தளை எது?

2024ஆம் ஆண்டில் ஹெர்ண்ஹூட்டையும் மொராவியரின் வேறு சில குடியிருப்புகளையும் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இனி அவ்வூரின் வீடுகளும் தெருக்களும் காக்கப்படும். நல்லதே. ஆனால் அவ்வூரை ஊராக்கியது, பட்டியலில் இடம்பெற முடியாத ஒன்று. நள்ளிரவிற் கண்விழித்து, யாரும் அறியாமல், தன் ஊரவனுக்காகவும் தான் ஒருபோதும் காணாத தீவிலுள்ள அடிமைக்காகவும் ஒரு மணித்தியாலம் முழந்தாளிட்ட நெசவாளனின் உறுதி அது.

பிறவினைக்கு ஒரு கருத்தாவும் வேண்டும். ஒரு செயப்படுபொருளும் வேண்டும். எழுப்புபவர் ஆயத்தமாகவே இருக்கின்றார் என்பது நம்புவோரின் துணிபு. எழுப்பப்படுவதற்கு நாம் ஆயத்தமா என்பதே எஞ்சி நிற்கும் வினா. அதற்கான விடையை மன்றாட்டுக் கூட்டத்தில் எழும் குரலிலே தேட வேண்டியதில்லை. மறுநாட் காலையில், எவருடைய கிணற்றடிக்கு யார் நடந்து செல்கின்றார் என்று பார்த்தாற் போதும்.